நடை கூடிவிட்டது, சாப்பாட்டைக் கூட்டலாமா?

குடும்பக் குழு, ஞாயிறு மாலை

அக்கா: அண்ணி, ஒரு சந்தேகம். குழுவிலேயே கேட்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும். கம்பெனியில் என்னை பில்லிங்கிலிருந்து செக்கிங் செக்‌ஷனுக்கு மாற்றினார்கள் இல்லையா, அங்கே உட்காரவே வழியில்லை, காலையிலிருந்து டேபிள் டேபிளாக நடைதான். முன்பு ஒரு நாளைக்கு 3,000 ஸ்டெப் வரும், இப்போது 12,000. ஆனால் எடை குறைக்க ஆப் சொன்ன 1,200 கலோரியைத்தான் இன்னமும் சாப்பிடுகிறேன். நாலு மணிக்கு மேல் கை லேசாக நடுங்குகிறது. வாட்ச் தினமும் 480 கலோரி கூடுதலாக எரித்ததாகக் காட்டுகிறது. அதை அப்படியே சாப்பாட்டில் சேர்த்துக்கொள்ளலாமா?

அம்மா: நான் அன்றைக்கே சொன்னேன் கண்ணு. வேலை கூடினால் சோறும் கூட வேண்டும். காட்டு வேலைக்குப் போன காலத்தில் என் அம்மா, உன் அமுச்சி, ஒரு சட்டி கம்பங்கூழ் குடிக்காமல் வீட்டை விட்டு இறங்கியதில்லை.

மாமா: அக்கா, அவள் எடை குறைக்கப் பார்க்கிறாள். எரித்ததை எல்லாம் திரும்பச் சாப்பிட்டால் எங்கே குறையும்? இன்னும் ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கட்டும்.

அண்ணி: அத்தை சொல்வது சரி, கொஞ்சம் கூட்டத்தான் வேண்டும். மாமா சொல்வதிலும் பாதி சரி, 480ஐ முழுசாகச் சேர்த்தால் எடை நின்றுவிடும். கை நடுங்குகிற அளவுக்குப் போன பிறகு பல்லைக் கடிக்கச் சொல்லாதீர்கள் மாமா. முதலில் உன் கணக்கைப் பார்ப்போம். 72 கிலோ, 158 செ.மீ., 34 வயது. சும்மா படுத்திருந்தாலே உன் உடம்புக்கு சுமார் 1,375 கலோரி வேண்டும். உட்கார்ந்த வேலைக்கு அதை 1.2ஆல் பெருக்குவார்கள், 1,650 வரும். அதில் 450 குறைத்துத்தான் ஆப் உனக்கு 1,200 கொடுத்திருக்கிறது. அதாவது அந்த 1,200 பில்லிங் சீட்டில் உட்கார்ந்திருந்த உனக்குப் போட்டது.

அக்கா: அதனால்தான் நேற்று ஆப்பில் ‘மிதமான உழைப்பு’ என்று மாற்றிப் பார்த்தேன். ஒரே அடியாக 1,680 காட்டியது, பயமாகிவிட்டது.

அண்ணி: மாற்றாதே. அது 1.2க்குப் பதில் 1.55ஆல் பெருக்குகிறது, உன் நடைக்கு அது அதிகம். அதை மாற்றிவிட்டு வாட்ச் காட்டுவதையும் சேர்த்தால் ஒரே நடையை இரண்டு தடவை எண்ணின மாதிரி. நிறைய பேருக்கு எடை நிற்பது இங்கேதான். நேராக நடையையே கணக்குப் போடு. கூடுதலாக 9,000 ஸ்டெப், ஏறக்குறைய 6 கிலோமீட்டர். சமதரையில் ஒரு கிலோமீட்டர் நடந்தால், சும்மா இருக்கும்போது ஆவதைவிடக் கூடுதலாக, உடம்பு எடையில் கிலோவுக்கு அரை கலோரி மாதிரி ஆகும். உனக்கு கிலோமீட்டருக்கு 36, ஆறு கிலோமீட்டருக்கு 216. அவ்வளவுதான்.

நான்: அப்போ வாட்ச் ஏன் இரண்டு மடங்குக்கு மேல் காட்டுகிறது?

அண்ணி: உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் கலோரியையும் சேர்த்துக் காட்டுவது பல வாட்சுகளில் உண்டு. 2017இல் ஸ்டான்ஃபோர்டில் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலும் நன்றாக அளந்தன, கலோரியில் மட்டும் இருப்பதிலேயே நல்லதுகூட சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். அப்புறம் இன்னொன்று, நடை கூடினால் உடம்பு வேறு இடங்களில் சிக்கனம் பிடிக்கும். தான்சானியாவில் வேட்டையாடி வாழும் ஹட்சா மக்களைப் பற்றி 2012இல் ஒரு ஆய்வு வந்தது. அவ்வளவு நடந்தும், உடம்பு அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், அவர்களுடைய மொத்தச் செலவு நகரத்துக்காரர்களை ஒட்டியே இருந்தது. அதனால் 150, 200 கூட்டு. 1,400க்கு மேல் இப்போதைக்குப் போகாதே.

அம்மா: வெறும் 200 எந்த மூலைக்கு? அவள் நாள் பூராவும் நிற்கிறாள்.

அண்ணி: அத்தை, ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் போட்ட அளவில், 55 கிலோ பெண்ணுக்கு உட்கார்ந்த வேலை என்றால் 1,660, கடும் உழைப்பு என்றால் 2,720. அமுச்சி செய்தது அந்தக் கடைசி ரகம், கூழ் அவருக்குச் சரிதான். அதெல்லாம் எடை அப்படியே நிற்பதற்கான அளவு. இவள் குறைக்க வேண்டியவள், செய்வது செக்கிங் வேலை.

அக்கா: சரி அண்ணி, அந்த 200ஐ எப்போது சாப்பிட?

அண்ணி: ராத்திரிச் சோற்றில் போடாதே, மூன்றரை மணிக்கே சாப்பிட்டுவிடு. நடுக்கம் வருவது நாலு மணிக்குத்தானே. ஒரு சின்ன டப்பாவில் வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராம் எடுத்துப்போ, 160 கலோரி, கிட்டத்தட்ட 9 கிராம் புரதம். இல்லையென்றால் இரண்டு இட்லி, ஒரு அவித்த முட்டை. டீ டைமில் கேன்டீன் வடையைத் தொடாதே, எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூனே 120 கலோரி, நீ கஷ்டப்பட்டு நடந்ததில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். முக்கியமாக, ரத்தத்தில் சர்க்கரையும் ஹீமோகுளோபினும் ஒரு தடவை பார்த்துவிடு. நடுக்கம் பசியால்தான் என்று நாமாக முடிவு செய்ய வேண்டாம்.

அக்கா: பார்க்கிறேன். இன்னொன்று, இந்த வாரம் அரைக் கிலோ ஏறியும் இருக்கிறது. அதில்தான் மனசு விட்டுப்போனது.

அண்ணி: அது கொழுப்பு இல்லை. அரைக் கிலோ கொழுப்பு சேர 3,800 கலோரிக்கு மேல் மிஞ்ச வேண்டும், நீ சாப்பிடுவது 1,200. திடீரென்று நடை கூடியதும் தசை தண்ணீரைப் பிடித்துவைக்கும், மாதவிலக்கு நெருங்கினாலும் ஏறும். தினமும் காலையில் பார்த்து, வாரச் சராசரியை மட்டும் எழுதிவை. மூன்று வாரம் 1,400இலேயே இரு. சராசரி வாரத்துக்கு 300லிருந்து 500 கிராம் இறங்கினால் எதையும் தொடாதே. முக்கால் கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினாலோ, தூக்கம் கெட்டாலோ இன்னும் 100 கூட்டு. அசையவே இல்லை என்றால்தான் 100 குறைக்கலாம், அப்போதும் 1,200க்குக் கீழே போகக் கூடாது.

மாமா: சரிம்மா, ஒப்புக்கொள்கிறேன். நானும் காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறேன், சாப்பாட்டைக் கூட்டவில்லை. எனக்கும் இதே கணக்குதானா?

அண்ணி: இல்லை மாமா, உங்களுக்கு வேறு. சர்க்கரைக்கு நீங்கள் சாப்பிடுவது கிளிமிபிரைடு மாத்திரைதானே? அதோடு நடையைக் கூட்டி, சாப்பாட்டையும் குறைத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். நாளைக்கே டாக்டரிடம் நடை கூடியிருக்கிறது என்று சொல்லுங்கள், மாத்திரை அளவை அவர்தான் முடிவு செய்ய வேண்டும், நீங்களாக நிறுத்தவும் கூடாது. நடக்கும்போது சட்டைப்பையில் குளுக்கோஸ் பொடி இருக்கட்டும். வியர்த்து, படபடப்பு வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் கரைத்துக் குடித்துவிட்டு உட்காருங்கள்.

மாமா: போன வாரம் ஒரு நாள் அப்படி வியர்த்தது. வெயில் என்று விட்டுவிட்டேன்.

அண்ணி: அதையும் அவரிடம் சொல்லுங்கள். நாளைக்குத் தனியாக நடக்கப் போக வேண்டாம்.

நான்: மாமா, காலையில் நான் வருகிறேன், அப்படியே டாக்டரையும் பார்த்துவிட்டு வரலாம்.

அக்கா: அண்ணி, கடைசியாக ஒன்று. ஞாயிறு லீவில் வீட்டிலேயே இருக்கிறேனே, அன்றைக்கு 1,200ஆ, 1,400ஆ?

அண்ணி: 1,400தான். ஒரு நாள் உட்கார்ந்ததற்காகக் குறைக்க வேண்டாம், வாரத்துக்குத்தான் கணக்கு. அந்த மூன்றரை மணி டப்பா ஞாயிற்றுக்கிழமையும் உண்டு.