சாகசக் கதைக்குள் பாடம் துருத்திக்கொண்டு நிற்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு சாகசக் கதை எழுதுகிறேன். மூன்று பேர் மலையில் வழி தவறிவிடுகிறார்கள், மழை வரப்போகிறது. அங்கே ஒலியின் வேகத்தைச் சொல்லித்தர நினைத்தேன், ஆனால் கூட வரும் மாமா விளக்க ஆரம்பித்ததும் கதை படுத்துவிடுகிறது. வாசித்துக் காட்டியபோது என் மகள் சரியாக அந்தப் பக்கத்தில்தான் கொட்டாவி விட்டாள்.

பதில் 1:
முதலில் மாமாவை ஊருக்கு அனுப்பிவிடுங்கள். பெரியவர் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகள் எதையும் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. மின்னல் வெட்டுகிறது, சின்னவள் எண்ணுகிறாள், ஒன்பதில் இடி. அடுத்த முறை ஆறு. ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 நொடி ஆகும், அப்படியென்றால் மூன்று கிலோமீட்டரில் இருந்தது இரண்டுக்கு வந்துவிட்டது என்று அவளே கணக்குப் போட்டு மற்றவர்களை இழுத்துக்கொண்டு ஓடட்டும்.

பதில் 2:
நல்ல யோசனை. ஆனால் ஓடிப்போய் மரத்தடியில் ஒதுங்குவதாக மட்டும் எழுதிவிடாதீர்கள், பிள்ளைகள் அப்படியே நம்பிவிடுவார்கள். இடி காதில் விழுந்தாலே மின்னல் தாக்கும் தொலைவில்தான் இருக்கிறோம், அதையும் ஒரு பாத்திரம் சொல்லட்டும்.

கேள்வி கேட்டவர்:
மரத்தடி என்றுதான் எழுதியிருந்தேன்! இன்றே மாற்றுகிறேன், ரொம்ப நன்றி.