புதுப்பிப்பு: 1 டிபி டிஸ்க்கை ஒருவழியாகப் பிரித்துவிட்டேன்

புது எஸ்எஸ்டி டிஸ்க்கில் விண்டோஸ், உபுண்டு (லினக்ஸ்) இரண்டுக்கும் எவ்வளவு இடம் ஒதுக்குவது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை அல்சூர் வீட்டில் உட்கார்ந்து முடித்துவிட்டேன்.

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய டிஸ்க். விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டியதும் அக்கா, "ஏமாத்திட்டாங்களாடா?" என்று பதறினாள். தயாரிப்பவர்களுக்கு ஒரு கிலோபைட் என்றால் 1000 பைட், விண்டோஸுக்கு 1024 பைட். அதனால் வரும் வித்தியாசம்தான்.

சிக்கல் வந்தது, உபுண்டுவுக்கு இடம் விட விண்டோஸ் இருக்கும் சி டிரைவைச் சுருக்கும்போது. முக்கால்வாசி காலியாக இருந்தும் 400 ஜிபிக்கு மேல் விடமாட்டேன் என்றது. நகர்த்த முடியாத ஃபைல்கள் நடுவில் உட்கார்ந்திருந்தன. ஹைபர்னேஷனையும் (திறந்திருப்பதை டிஸ்க்கில் சேமித்துவிட்டு அணைவது) பேஜ் ஃபைலையும் (ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் ஃபைல்) நிறுத்தி ரீஸ்டார்ட் செய்ததும் வழிவிட்டது. அப்புறம் பேஜ் ஃபைலை மட்டும் திரும்பப் போட்டேன். ஹைபர்னேஷன் வேண்டாம், அது இருந்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் வந்துவிடும், ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாது, விண்டோஸ் டிரைவில் உபுண்டுவால் எழுத முடியாமல் போகும்.

கடைசியில் சி 250 ஜிபி, உபுண்டு ரூட் (சிஸ்டம் இருக்கும் பகுதி) 60, ஹோம் (என் ஃபைல்கள் இருக்கும் பகுதி) 200. மீதி சுமார் 420 ஜிபி, இரண்டும் படிக்கிற மாதிரி ஒரே என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் ஃபைல் முறை) பகுதி. ஸ்வாப்புக்கு (உபுண்டுவில் பேஜ் ஃபைலின் வேலையைச் செய்வது) தனிப் பகுதி வைக்கவில்லை, 17.04 பதிப்பு முதலே உபுண்டு ஸ்வாப் ஃபைலைத்தான் வைத்துக்கொள்கிறது. ஹோமைத் தனியாக வைக்கச் சொன்ன அண்ணனுக்குத் தனி நன்றி. நாளைக்கே ரூட்டை அழித்து வேறு பதிப்பு போட்டாலும் என் ஃபைல்கள் அப்படியே இருக்கும்.

அப்பாவின் பழைய போட்டோக்களை அந்த 420-க்குள் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். இன்னொரு பிரதி வெளி டிஸ்க்கில் இருக்கிறது.