வாட்டர் ஃபில்டரில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது

மலைக்காட்டில் ஐந்து நாள் நடைக்குக் கொண்டுபோகும் பில்டர் அடைத்துக்கொண்டது. துளை அளவு 0.1 மைக்ரான், உள்ளே குழல் இழைகள் உள்ள வகை, பையைப் பிழிந்து வடிகட்டுவது. வயது 2 வருடம், சுமார் 300 லிட்டர் ஓடியிருக்கும். முன்பு லிட்டருக்கு 2 நிமிடம், இப்போது 9.

கடைசியாக மழைக்குப் பிறகு கலங்கிய ஓடைத் தண்ணீரைத் தெளியவிடாமல் அப்படியே ஊற்றியது தப்பு. பிறகு 4 மாதம் ஈரத்தோடு மூடி வைத்ததில் உள்ளேயே காய்ந்துவிட்டது. உறைபனியில் மாட்டவில்லை. இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள்தான் இருந்தது. உறைந்திருந்தால் இழை கிழிந்திருக்கும், வெளியே தெரியவும் தெரியாது, கேள்வியே இல்லாமல் தூக்கிப் போட்டிருக்கலாம்.

சிரிஞ்சால் சுத்தமான தண்ணீரை எதிர்ப்பக்கமாக அழுத்தி 15 முறை அடித்தாயிற்று. முதல் மூன்று முறை தேநீர் நிறத்தில் வந்தது, பிறகு தெளிவு. வெதுவெதுப்பான நீரில் ஒரு மணி நேரம், வினிகரும் நீரும் சமமாகக் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்ததில் 9 நிமிடம் 6 ஆனது, அதற்குக் கீழே இறங்கவில்லை. வாஷர் சரி, பையிலும் ஓட்டை இல்லை. கொதிநீர் மட்டும் ஊற்றவில்லை.

குளோரின் மாத்திரை கையில் உண்டு, ஆனால் கலங்கல் நீரில் அதை நம்ப முடியாது.

வினிகரில் இரவு முழுக்க ஊறவைத்து இதே நிலையிலிருந்து மீட்டவர்கள் இருக்கிறீர்களா?