கேனான் 745, 746 கார்ட்ரிட்ஜ் ரீஃபில்: கருப்பு பாதியில் வெளுக்குது, மஞ்சள் பச்சையா வருது

புதுத்தாள்:
பிரின்டர் கேனான் எம்ஜி2570எஸ். கருப்பு பிஜி-745, கலர் சிஎல்-746, ரெண்டும் ஒரிஜினல், முதல் ரீஃபில். கருப்புல 8 மிலி, கலர்ல குழிக்கு (ஒவ்வொரு நிற அறைக்கும்) 4 மிலி ஏத்தியாச்சு. துளைகள் மேல செல்லோடேப் இறுக்கி ஒட்டியிருக்கு. இங்க், "எல்லா பிரின்டருக்கும்"னு போட்டு விக்கிற பாட்டில்.

கருப்பு பத்துப் பதினஞ்சு வரி அடர்த்தியா வருது, அப்புறம் வெளுத்துப் போகுது. கால்மணி நேரம் விட்டா மறுபடி பத்து வரி. மஞ்சள் கட்டம் அடிச்சா இலைப்பச்சை. முகப்புல ஈ, 1, 6 மாறி மாறி மின்னுது. டீப் கிளீனிங் நாலு தடவை ஓட்டியாச்சு. எங்க தப்பு?

ஊசிமுனை:
கருப்புக்குக் காரணம் செல்லோடேப்தாங்க. மை கீழே இறங்க இறங்க அந்த இடத்துக்கு மேலேயிருந்து காத்து வரணும். துளையை இறுக்கி மூடிட்டா உள்ளே வெற்றிடம் உண்டாகி மையைப் பிடிச்சு இழுக்கும், அடியில மை தெளிக்கிற ஹெட்டுக்கு இறங்காது. கொஞ்ச நேரம் விட்டா எங்கேயோ காத்துக் கசிஞ்சு சரியாகும், அதான் மறுபடி பத்து வரி. டேப்பை உரிச்சுட்டு ஒரு முழுப் பக்கம் அடிச்சுப் பாருங்க. தேறிடுச்சுன்னா கம்பெனி ஸ்டிக்கரையே, ஒரு ஓரம் தூக்கினாப்பல வச்சு ஒட்டுங்க.

டேப் எடுத்தும் வெளுத்தா, ஸ்பாஞ்சுக்குள்ள காத்துக் குமிழ் மாட்டியிருக்கு. வேகமா ஏத்தினா இதுதான் வரும். நாசில் (ஹெட்டுல மை வர்ற நுண்துளைகள்) கீழே பார்க்க, நாலு மடிப்பு டிஷ்யூ மேல ரெண்டு மணி நேரம் நிறுத்தி வைங்க.

அளவும் அதிகம். கம்பெனியில வரும்போதே கருப்புல சுமார் 8 மிலி, கலர்ல மூணும் சேர்த்து 9 மிலிதான். நீங்க கலர்ல மட்டும் 12 ஊத்தியிருக்கீங்க. ஸ்பாஞ்சுல பழைய மையும் மிச்சம் இருக்கும். வழிஞ்ச நீலம் பக்கத்துக் குழிக்குப் போய் மஞ்சளைப் பச்சையாக்கிடுச்சு. மஞ்சள்தான் இருக்கறதுலேயே வெளிர், அதனால கலப்படம் முதல்ல அதுலதான் தெரியும்.

கலரைச் சரிபண்ண: ஒவ்வொரு குழியிலேர்ந்தும் அரை மிலி உறிஞ்சி எடுங்க. ஒவ்வொண்ணுக்கும் தனி ஊசி. அப்புறம் டிஷ்யூவை லேசா நனைச்சு நாசிலை அதுல மூணு செகண்ட் அமுக்கி எடுங்க. மூணு பட்டை பதியும். மஞ்சள் பட்டை சுத்தமா வர்ற வரைக்கும் புது இடத்துல அமுக்கிட்டே இருக்கணும், எட்டு பத்து தடவை ஆகலாம். துடைக்காதீங்க, அமுக்கணும். துடைச்சா ஒரு கலரை இன்னொண்ணு மேல இழுத்து விடுவீங்க. அப்படியும் பச்சை போகலைன்னா மஞ்சள் குழி உள்ளேயே கலந்திருக்கு: முடிஞ்ச மட்டும் உறிஞ்சி எடுத்துட்டு 2 மிலி புது மஞ்சள் விடுங்க.

அடுத்த தடவைக்கு: மருந்துக்கடையில 5 மிலி சிரிஞ்சும், பச்சைக் கொண்டை வச்ச 21 கேஜ் ஒன்றரை அங்குல ஊசியும் வாங்குங்க. முனையைத் தேய்ச்சு மழுக்கிட்டா ஸ்பாஞ்சு கிழியாது. கலர்ல எந்தத் துளை எதுன்னு வீடியோவைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. கார்ட்ரிட்ஜைத் திருப்பிப் பிடிச்சா இடம் வலம் மாறிடும். பல்குச்சியை விட்டு எடுத்தா நுனியில நிறம் தெரியும். ஊசியை ஸ்பாஞ்சுல முக்கால் ஆழம் இறக்கி, நிமிஷத்துக்கு 1 மிலிக்கு மேல போகாம ஏத்துங்க. கருப்புக்கு 5, 6 மிலி, கலருக்குக் குழிக்கு 2 மிலி. துளை வாயில மை பளபளன்னு எட்டிப் பார்த்தா அளவு முடியலைன்னாலும் நிறுத்திடணும், அதுல அரை மிலி திரும்ப உறிஞ்சிடணும். நகைத் தராசு இருந்தா முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்க, 1 மிலி மை 1 கிராமுக்குக் கொஞ்சம் கூட.

கருமைக்குப்பி:
மேலே சொன்னதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் மை பற்றி யாரும் பேசவில்லையே. பிஜி-745 இல் இருப்பது பிக்மென்ட் கருப்பு. சிஎல்-746 இல் மூன்றும் டை, அதாவது நீரில் கரைந்த சாயம். பிக்மென்ட் என்பது நீரில் மிதக்கும் நுண்துகள், கரைசல் அல்ல. ஒன்றோடொன்று ஒட்டாமல் துகள்களைப் பிரித்து வைக்கும் பொருள் ஒவ்வொரு மையிலும் வேறு. பழையதன் மேல் கண்ட மையை ஊற்றினால் துகள்கள் திரண்டு நாசிலை அடைத்துவிடும். "எல்லா பிரின்டருக்கும்" பாட்டில்களில் கருப்பும் பெரும்பாலும் டைதான்.

சோதிப்பது எளிது. சாதாரணத் தாளில் ஒரு சொட்டு, பத்து நிமிடம் காயவிட்டு ஈரவிரலால் தேயுங்கள். நீலமோ ஊதாவோ பரவினால் டை. அசையாமல் கருகருவென்று நின்றால் பிக்மென்ட்.

கருப்புக்கு என் தேர்வு கேனானின் டேங்க் பிரின்டர்களுக்கு வரும் ஜிஐ-790 கருப்பு. பிக்மென்ட், 135 மிலி பாட்டில், இருபது ரீஃபிலுக்கு மேல் வரும். பிக்மென்ட் அடியில் படியும். பாட்டிலை மெதுவாகத் தலைகீழாக்கித் திருப்புங்கள், குலுக்கினால் நுரை.

எப்சன் 003 பாட்டிலைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். வேண்டாம். கருப்பு உட்பட அதில் எல்லாமே டை. மேலும் எப்சன் ஹெட் மையை அழுத்தித் தள்ளுகிறது. கேனான், எச்பி ஹெட்கள் சூடாக்கி ஆவிக்குமிழியால் தள்ளுகின்றன. சூட்டுக்கென்று தயாரிக்காத மை அந்த ஹீட்டர் மேல் கருகிப் படியும்.

ஜன்னலோரம்:
003 கலரை எச்பி கார்ட்ரிட்ஜ்ல ஊத்தி ஓட்டுறவங்க நிறைய பேர் இருக்காங்களே. நாலஞ்சு ரீஃபில் தாங்குது. அதுக்கு மேல எந்த மை ஊத்தினாலும் இந்தச் சின்ன கார்ட்ரிட்ஜ் எப்படியும் போகப்போகுது, இதுக்கு எதுக்கு இவ்வளவு பத்தியம்?

கருமைக்குப்பி:
கலருக்கு அந்த வாதம் ஓரளவு செல்லும். பிக்மென்ட் கருப்பின் மேல் டையை ஊற்றுவதற்குச் செல்லாது.

ஊசிமுனை:
ஈ16 பத்தி விட்டுப்போச்சு. அது மை தீர்ந்துடுச்சுங்கிற எச்சரிக்கை. பிரின்டர் அளவைக் கணக்குப் போட்டுத்தான் சொல்லுது, நீங்க நிரப்பினது அதுக்குத் தெரியாது. ஸ்டாப் பட்டனை 5 செகண்டுக்கு மேல அமுக்கிப் பிடிங்க, அடிக்க ஆரம்பிக்கும். அதுக்கப்புறம் அந்தக் கார்ட்ரிட்ஜுக்கு அளவு காட்டாது, நீங்கதான் கண்ணு வச்சுக்கணும். அதுக்கு முன்னாடி ஈ13 வரும். ரீஃபிலுக்குச் சரியான நேரம் அதுதான். மையே அந்த ஹீட்டரைக் குளிர வைக்குது, காலியா ஓட்டினா எரிஞ்சுடும்.

டீப் கிளீனிங்கை நிறுத்துங்க. ஒவ்வொரு தடவையும் நல்ல மையை உறிஞ்சி அடியில இருக்கற பஞ்சுல கொட்டுது. அந்தப் பஞ்சு நிரம்பினா 5பி00ங்கிற பிழைக்குறி வந்து பிரின்டரே நின்னுடும்.

புதுத்தாள்:
டேப் உரிச்சதும் கருப்பு ரெண்டு முழுப் பக்கம் வெளுக்காம வந்துச்சு. நன்றி. கலர்லேர்ந்து உறிஞ்சி எடுத்து மாட்டினா இப்ப ஈ05 காட்டுது. ஹெட் போயிடுச்சா?

ஊசிமுனை:
அவசரப்படாதீங்க. கார்ட்ரிட்ஜைப் பிரின்டரால அடையாளம் காண முடியலை, அவ்வளவுதான். டிஷ்யூல அமுக்கும்போது மை பின்பக்கச் செம்புப் புள்ளிகள் மேல ஏறியிருக்கும். கண்ணாடி துடைக்கிற துணியில ரெண்டு சொட்டு ஐசோப்ரோபைல் ஆல்கஹால் விட்டு அந்தப் புள்ளிகளையும், கார்ட்ரிட்ஜ் உட்கார்ற வண்டிக்குள்ள அதைத் தொடுற மின் ஊசிகளையும் துடைங்க. நாசில் பக்கம் போகாதீங்க. பத்து நிமிஷம் காயவிட்டு, டக்குன்னு சத்தம் வர்ற வரைக்கும் தள்ளி மாட்டுங்க. அதுக்கும் ஈ05 போகலைன்னா ஹெட் சர்க்யூட் போயிடுச்சு, புதுசுதான் வாங்கணும். ஈ05 போயிடுச்சுன்னா நாசில் செக் அடிச்சுப் பாருங்க: இடைவெளி ஒவ்வொரு தடவையும் இடம் மாறினா காத்து, அதே இடத்துல இருந்தா அடைப்பு இல்லேன்னா எரிஞ்ச நாசில். அடைப்புக்கு, தட்டுல 2 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டர் விட்டு நாசிலை மட்டும் மூணு நிமிஷம் நிறுத்துங்க. செம்பு நனையக் கூடாது.