பிக் பெண்ட்: மே மாதம் கூடாரம் போடலாமா?

ஹூஸ்டன்வாசி:
மே கடைசியில் நீண்ட வார இறுதி வருகிறது. மனைவி, 10 வயது மகனோடு டெக்சாஸின் பிக் பெண்ட் தேசியப் பூங்காவில் கூடாரம் போட்டுத் தங்கி மலையேற ஆசை. சாதாரண கார்தான். சரிப்படுமா?

பாலைப்பித்தன்:
மே, ஜூன்தான் அங்கே உச்ச வெயில். ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் 40 டிகிரி சர்வசாதாரணம். போயே தீருவேன் என்றால் பூங்காவுக்குள்ளேயே இருக்கும் சிசோஸ் மலைப்பக்கம் தங்குங்கள், பத்து டிகிரி வரை குறையும். ஆனால் கரடி உண்டு. சாப்பாடு, பற்பசை என்று வாசனையுள்ள எல்லாம் அங்குள்ள இரும்புப் பெட்டிக்குள் போய்விட வேண்டும். என் சகலை ஊறுகாய் பாட்டிலைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகப் பார்த்தார், நான் விடவில்லை.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர். வரைபடத்தில் ஊற்று என்று போட்டிருப்பதை நம்பிக் கிளம்பாதீர்கள், வறண்டு கிடக்கலாம். எமரி சிகரம் 2,385 மீட்டர். பையனுக்கு அது அதிகம். லாஸ்ட் மைன் பாதை போதும், போக வர சுமார் 8 கிலோமீட்டர், காட்சிக்கும் குறைவில்லை. விறகுத் தீ மூட்ட அனுமதி இல்லை, கேஸ் அடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

டல்லாஸ்காரன்:
ரிவர் ரோடு என்ற கரடுமுரடான மண்சாலைப் பக்கம் அந்தக் காரை விடாதீர்கள். சான்டா எலினா பள்ளத்தாக்குக்குத் தார்ச்சாலையே இருக்கிறது. மாரத்தான் ஊரிலேயே டேங்கை நிரப்புங்கள். அங்கிருந்து பூங்கா தலைமையகம் 110 கிலோமீட்டர், நடுவில் கடை கண்ணி கிடையாது.

ஹூஸ்டன்வாசி:
அப்போ நவம்பருக்குத் தள்ளிவிடுகிறேன். தேங்க்ஸ்கிவிங் விடுமுறையில் போகலாமா?

பாலைப்பித்தன்:
அந்த வாரம் கூட்டம் நெரியும். அதற்கு முந்தின வாரம் பாருங்கள். ராத்திரி குளிரும், கம்பளி மறக்காதீர்கள்.