ஸ்னோ பிரதர்ஸ் பண்ண டோவாப்ளான் கம்பெனிக்கு என்னதான் ஆச்சு?

எமுலேட்டர்ல ஸ்னோ பிரதர்ஸ் ஆடிட்டு இருந்தேன், ரெண்டு பனி பொம்மை பசங்க எதிரிங்கள பனியால மூடி உருண்டையாக்கி எத்தி விடுவானுங்களே, அது. டைட்டில்ல டோவாப்ளான்னு பேர் பாத்துட்டு இவங்க வேற என்ன பண்ணாங்கன்னு தேடுனா ஃப்ளையிங் ஷார்க், ட்வின் கோப்ரா, ட்ரக்ஸ்டன்னு லிஸ்ட் போயிட்டே இருக்கு, 1994 வந்ததும் டக்குனு நின்னுருச்சு. டைட்டோன்னு பெரிய ஜப்பான் கேம் கம்பெனி இருக்கே, அதோட கிளையா இது? இவ்ளோ ஹிட் குடுத்தவங்க எப்படி காணாம போனாங்க?

பதில் 1 – நூறுயென்

டைட்டோ வேற இவங்க வேற ப்ரோ. கேம் செய்றது இவங்க, நிறைய கேமை வெளிய கொண்டு வந்தது டைட்டோ, அதான் குழப்பம். ஆர்கான்னு ஒரு கம்பெனி மூழ்கிடுச்சு, அங்க இருந்தவங்க க்ரக்ஸ்னு ஒண்ணுக்கு வந்தாங்க, அதுவும் நிக்கல, அதுக்கப்புறம்தான் டோக்கியோல டோவாப்ளான், 1984ல.

1985ல வந்த டைகர் ஹெலி ஒரு தடவை ஆடிப் பாருங்க. ஹெலிகாப்டரோட ரெண்டு பக்கமும் பாம் கண்ணு முன்னாடி ஒட்டிட்டு இருக்கும், நீங்க போடறதுக்கு முன்னாடி எதிரி குண்டு அதுல பட்டா தானா வெடிச்சிரும். மாட்டிக்கிட்டா பாம் போட்டு தப்பிக்கிற பழக்கத்தையே ஷூட்டிங் கேம்ல வளத்து விட்டது இவங்கதான். 1988 ட்ரக்ஸ்டன்ல (ஜப்பான்ல பேரு தட்சுஜின்) பாம் போட்டா ஸ்கிரீன் முழுக்க மண்டை ஓடு வரும், அது ஒண்ணுக்கே காசு போடலாம்.

மூழ்குனது ஏன்னா, 1991ல ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2ன்னு சண்டை கேம் வந்ததும் ஆர்கேட் (காசு போட்டு ஆடுற கேம் கடை) கணக்கே மாறிப் போச்சு. சண்டை கேம்ல ரெண்டு பேரு ஆளுக்கு 100 யென் போடுவாங்க, சில நிமிஷத்துல ஒருத்தன் தோத்து எந்திரிச்சுருவான், அடுத்தவன் உக்காருவான். ஷூட்டிங்ல கை தேர்ந்தவன் ஒருத்தன் ஒத்தக் காசுல அரை மணி நேரம் ஓட்டிருவான், கடைக்காரன் எத வாங்கி வைப்பான் சொல்லுங்க. அதுக்காக கேமை கஷ்டமாக்கிட்டே போனா புதுசா வர்றவன் ஓடிருவான். 1994 மார்ச்ல திவால்.

பதில் 2 – பேஸ்எங்களது

"ஆல் யுவர் பேஸ் ஆர் பிலாங் டு அஸ்" மீமும் இவங்க கேம்தான், ஜீரோ விங். ஆனா எல்லாரும் தப்பா சொல்றது என்னன்னா அது 1989 ஆர்கேட் கேம்லயே கிடையாது, பின்னாடி மெகா டிரைவுக்கு (வீட்ல டிவில மாட்டி ஆடுற சேகா மெஷின்) போட்டப்ப சேத்த கதைக் காட்சியோட ஐரோப்பா மொழிபெயர்ப்பு அது. ஜப்பானிய வசனம் ஒழுங்காத்தான் இருந்துச்சு, உங்க தளம் எல்லாத்தையும் கேட்ஸ் (கேம்ல வர்ற வில்லன்) கைப்பத்திருச்சுங்கற மாதிரி. இங்கிலீஷ்லதான் சொதப்பல், உலகமே சிரிச்சப்ப கம்பெனி போய் பல வருஷம் ஆச்சு.

பதில் 3 – குண்டுமழை

காணாம போகலங்க, செதறிட்டாங்க. 1993 பட்சுகுன் பாத்தா தெரியும், ஸ்கிரீன் நெறைய குண்டு, எதிரிய அடிக்க அடிக்க லெவல் ஏறி உங்க ஆயுதமும் பெருசாகும். அத பண்ண சுனெகி இகெதாவும் இன்னும் சிலரும் சேந்து அடுத்த வருஷமே கேவ்னு கம்பெனி ஆரம்பிச்சு, 1995ல டோன்பாச்சின்னு ஷூட்டிங் கேம் விட்டாங்க. டகுமி, கஸல்ங்கற கம்பெனிங்க எல்லாமும் இங்கிருந்து போனவங்களாலதான். ரைசிங்கையும் இந்த லிஸ்ட்ல சேப்பாங்க, அது பாதி தப்பு, அத தொடங்குனது கம்பைல்ங்கற வேற கேம் கம்பெனி ஆளுங்க, 1993லயே, ஆனா முதல் கேம் ஓடுனது டோவாப்ளான் சர்க்யூட் போர்டுல.

டோவாப்ளான் கேம்களோட உரிமை இப்ப தட்சுஜின்ங்கற கம்பெனிகிட்ட, 2017ல பழைய டோவாப்ளான் ஆளு மசாஹிரோ யூகே ஆரம்பிச்சது, 2022ல எம்ப்ரேசர் குரூப் வாங்கிருச்சு.

கேட்டவர்

நன்றி மக்களே. நேத்து ராத்திரி பட்சுகுன் போட்டேன், குண்டு எது வெடிச்ச பொறி எதுன்னே புரியல, ரெண்டாவது ஸ்டேஜ்லயே மூணு உயிரும் போச்சு. மறுபடி ஸ்னோ பிரதர்ஸ்க்கே வந்துட்டேன்.