கொமடோர் 64 கறுப்புத் திரை: பிஎல்ஏயா, சிபியுவா?

வணக்கம். கிளிநொச்சியில் உள்ள கொமடோர் 64 (1980களின் வீட்டுக் கணினி) ஒன்று மூன்று கிழமையாக எழும்பவில்லை. பால் (PAL டிவி முறை) மெஷின், போர்ட் இலக்கம் 250425. சிவப்பு லைட் எரிகிறது, டிவியும் சிக்னலைப் பிடிக்கிறது. ஆனால் திரை முழுக்கக் கறுப்பு, நீலக் கரைகூட இல்லை.

பழைய பவர் சப்ளையை இதில் செருகவேயில்லை. அதன் ரெகுலேட்டர் பழுதானால் 5 வோல்ற் ஏறி ராம் சிப்புகளை எரித்துவிடும். புது சப்ளையில் 5.04 வோல்ற் டிசி, 9 வோல்ற் ஏசி இரண்டும் சரி. திரைக்குப் படம் தரும் விக் 6569 சிப்பின் 13ஆம் காலில் 12 வோல்ற் வருகிறது.

மாரி ஈரத்தில் சொக்கெட்டுகள் பச்சை பிடித்திருந்தன. ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்து எல்லாச் சிப்பையும் திரும்ப இருத்தியாயிற்று. சிட் எனும் ஒலிச் சிப்பைக் கழற்றியும் மாற்றமில்லை. எட்டு 4164 ராமும் தொட்டால் ஒரே சூடுதான். பழுது சோதிக்கும் டெட் டெஸ்ட் காட்ரிட்ஜ் போட்டாலும் கறுப்புத்தான். ராம் பழுதென்றால் திரை மின்னியிருக்க வேண்டும், ஆகவே ராமில் எனக்குச் சந்தேகம் குறைவு. சிபியுவான 6510இன் 40ஆம் கால் ரீசெற் முதலில் தாழ்ந்து பிறகு 5 வோல்றுக்கு ஏறுகிறது.

மிஞ்சுவது யு17 பிஎல்ஏ (எந்தச் சிப் எப்போது இயங்க வேண்டும் என்று தெரிவு செய்யும் சிப்), அல்லது 6510. இரண்டுக்கும் மாற்றுச் சிப் கையில் இல்லை, வெளிநாட்டிலிருந்து ஒன்றைத்தான் எடுப்பிக்க முடியும். ஒஸிலஸ்கோப்பும் இல்லை.

மல்டிமீற்றரை மட்டும் வைத்து, எந்தக் கால்களை அளந்தால் பழுது பிஎல்ஏயிலா 6510இலா என்று பிரித்தறியலாம்?